தானுந்து எரிபொருள் சிக்கனம்

தானுந்து எரிபொருள் சிக்கனம் என்பது ஒரு குறிப்பிட்ட தொலைவைக் குறைந்த அளவு எரிபொருளைக் கொண்டு கடப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனை மைலேஜ் என்பர். இந்தியாவில் இது ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என அளக்கப்படுகிறது. ஒரே வகைத் தானுந்துகள் இரண்டு, ஓட்டும் முறையாலும் பராமரிப்பாலும் வெவ்வேறு அளவு எரிபொருளைச் செலவிடக்கூடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாவதால், இச்சிக்கனம் சுற்றுச்சூழலுடனும் தொடர்புடையது.

ஆற்றல் செலவாகும் வழிகள்

எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி பொறியிலிருந்து வெப்பமாக வெளியேறுகிறது. சக்கரங்களை அடையும் ஆற்றல் சமதளச் சாலையில் மூன்று வழிகளில் செலவாகிறது.

* காற்றுத் தடை: இது வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆக உயர்ந்தால் காற்றுத் தடை சுமார் 56 விழுக்காடு உயரும். 100 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் 15 நிமிடங்கள்.
* உருள் தடை: டயர் உருளும்போது நெளிந்து மீள்வதால் ஏற்படுவது. காற்றழுத்தம் குறைந்தால் கூடும்.
* பிரேக்: வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றி வீணாக்குகிறது.

ஓட்டும் முறை

விரைந்து முடுக்கி, அடுத்த சைகை விளக்கில் பிரேக்கை அழுத்தி நிறுத்துவதே பெரும் இழப்பைத் தருகிறது. இத்தகைய ஓட்டுமுறை மைலேஜை நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நகரில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் குறைக்கலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. முன்செல்லும் வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடுதல், நிறுத்த வேண்டியதை முன்னரே உணர்ந்து முடுக்கியிலிருந்து காலை எடுத்தல், நெடுநேரம் நிற்கும்போது பொறியை அணைத்தல் ஆகியவை பயன் தரும்.

இறக்கத்தில் நியூட்ரல்

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் வைத்தால் எரிபொருள் மிஞ்சும் என்பது பரவலான நம்பிக்கை. மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் உள்ள தானுந்துகளுக்கு இது பொருந்தாது. இவற்றில் கியர் இணைப்பில் இருக்க, முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்களே பொறியைச் சுழற்றுகின்றன. எரிபொருள் செலுத்தல் பெரும்பாலும் முழுமையாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ பொறி நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் தேவைப்படுகிறது. மேலும், நியூட்ரலில் பொறியின் தடை கிடைக்காததால் மலைப்பாதையில் பிரேக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பயனற்றுப் போகும் ஆபத்து உண்டு.

பராமரிப்பு

நான்கு டயர்களிலும் அழுத்தம் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 விழுக்காடு குறையும். உரிய அழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் அடைபட்ட காற்று வடிகட்டி எரிபொருளை வீணாக்கியது. உட்செலுத்தல் கொண்ட பெட்ரோல் வண்டிகளில், உள்வரும் காற்றுக்கு ஏற்பக் கணினி எரிபொருளைக் குறைத்துவிடுவதால் மைலேஜ் பெரிதும் மாறுவதில்லை, முடுக்கமே குறைகிறது. ஆயினும் பொறியைத் தூசியிலிருந்து காக்க வடிகட்டியை மாற்றுதல் அவசியம். இவ்வண்டிகளில் ஆக்சிசன் உணரி பழுதடைவது மிகுந்த இழப்பைத் தரக்கூடும். எனவே பொறியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் புறக்கணிக்கலாகாது.

வரலாறு

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனம் அரசுகளின் கொள்கையாயிற்று. அமெரிக்காவில் 1974 இல் மணிக்கு 55 மைல் (சுமார் 89 கிலோமீட்டர்) என்னும் தேசிய வேக வரம்பு சட்டமானது; 1987 இல் தளர்த்தப்பட்டு, 1995 இல் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1978 இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் (பி.சி.ஆர்.ஏ.) நிறுவப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான சீரான வேகத்தை இச்சங்கம் பரிந்துரைத்து வந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* காற்றியக்கவியல்
* கலப்பினத் தானுந்து