ஹெரால்டு காரும் ஒரு வைவா கேள்வியும்

மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்ற அந்தச் சாம்பல் நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் செட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. நம் ஆட்டோமொபைல் பேராசிரியரின் கார் அது. ஒர்க்ஷாப்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில், ரிவர்ஸே எடுக்காமல் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். நாமெல்லாம் சைக்கிளைப் பிடித்தபடி வாய் பிளந்து பார்ப்போம்.

மூன்றாம் ஆண்டு வைவாவில் அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, ஹெரால்டுக்கு ஏன் தனி சேசிஸ் வச்சாங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "பழைய காலத்து டிசைன் சார். அவங்களுக்கு மோனோகாக் வராது" என்று அடித்து விட்டேன்.

அவர் சிரித்தார். "அதே கம்பெனி அதுக்கு முன்னாடி போட்ட ஸ்டாண்டர்டு டென் என்ன பாடி? மோனோகாக்தானே? தெரிஞ்சவன் ஏன் அதை விட்டான்? போய்ப் படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

படித்தேன். ஆனால் பரீட்சை, வேலை, ஊர் மாற்றம் என்று போனதில் அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. இப்போது அவர் இல்லை. அந்தப் பதிலை இந்த மலரிலாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அது பயன்படலாம்.

ஜூனியர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். லாரியில் இரும்புச் சட்டம் ஒன்று அடியில் ஓடும். எஞ்சின், ஆக்சில், கேபின் எல்லாம் அதன் மேல் உட்காரும். அதுதான் சேசிஸ். மோனோகாக்கில் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்து சேர்த்த கூடே பாரத்தைத் தாங்கும். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அதற்குப் பெரிய பெரிய பிரஸ்களும் டைகளும் வேண்டும். அதாவது மூட்டை மூட்டையாகப் பணம் வேண்டும்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனி நடுத்தர அளவுடையது. 1953இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட், 1954இல் வந்த டென் ஆகிய சின்னக் கார்களுக்கு அவர்கள் பாடியை வெளியே வாங்கினார்கள். கொடுத்தது பர்மிங்ஹாமின் ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனி. ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆனது. அடுத்த வருஷமே அது ஃபிஷர் அண்டு லட்லோவை விலைக்கு வாங்கிவிட்டது. அதே 1953இல் பிரிக்ஸ் என்ற இன்னொரு பெரிய பாடி கம்பெனியை ஃபோர்டு வாங்கிக்கொண்டது. போட்டிக்காரன் கையில் நம் பாடி! அடுத்த மாடலுக்குப் பாடி கிடைக்காது என்பது ஸ்டாண்டர்டு ட்ரையம்ப்பின் தலைவர் அலிக் டிக்குக்கும் தலைமை எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டருக்கும் புரிந்துபோனது.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு சமையல்காரர் வரமாட்டேன் என்றால் என்ன செய்வோம்? சோறு ஒரு வீட்டில், குழம்பு ஒரு வீட்டில், பாயசம் ஒரு வீட்டில் என்று பிரித்துக் கொடுப்போம். வெப்ஸ்டர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். முழுக் கூட்டை அடிக்கும் வசதி ஒரே இடத்தில் கிடைக்காது. ஆகவே பாடியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரி, பர்மிங்ஹாம், லிவர்பூல் என்று ஆங்காங்கே செய்ய வை, கடைசியில் போல்ட் போட்டுச் சேர். அப்படிச் சேர்த்த பாடி தானாகப் பாரம் தாங்காது. அடியில் தாங்க ஒரு சட்டம் வேண்டும். தனி சேசிஸ் திரும்பி வந்த கதை இதுதான். அவர்களுக்கு மோனோகாக் தெரியும்; செய்து கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இத்தாலியின் டூரின் நகரில் இருந்த ஜியோவானி மிக்கெலொட்டி என்ற ஓவியக்கை கொண்ட வடிவமைப்பாளர் அதற்கு உருவம் கொடுத்தார். கூர்மையான கோடுகள், மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள். 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. எஞ்சின் மட்டும் ஸ்டாண்டர்டு டென்னில் இருந்த அதே 948 சி.சி.

கட்டாயத்தில் எடுத்த முடிவு, பிறகு வரம் ஆயிற்று. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழு பானெட்டும் முன்னால் மடிந்து திறக்கும். எஞ்சினும் முன் சக்கர சஸ்பென்ஷனும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முன் சக்கரங்கள் நன்றாகத் திரும்ப இடம் இருந்ததால் வெறும் 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும். நம் பேராசிரியர் செய்த வித்தையின் ரகசியம் அங்கேதான் இருந்தது! ஒரே சேசிஸ் மேல் சலூன், கூப்பே, கன்வெர்ட்டிபிள், எஸ்டேட், வேன் என்று விதவிதமாகப் பாடி மாட்டினார்கள். 1962இல் அந்தச் சட்டத்தையே குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. போல்ட் போட்ட இணைப்புகள் அதிகம் என்பதால் ஆரம்ப வண்டிகளில் மழைத்தண்ணீர் கசிந்தது, சத்தமும் வந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பின் ஆக்சில். டிஃபரன்ஷியலை சேசிஸில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சில் வைத்தார்கள். குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் சுகம். ஆனால் வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்புறம் சறுக்கும். இதே குடும்பத்தின் வேகமான கார்களான வைட்டெஸ்ஸையும் ஜிடி6ஐயும் 1968இல்தான் திருத்தினார்கள்.

வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கம்பெனி பண நெருக்கடியில் சிக்கியது. 1961இல் லேலண்டு அதை எடுத்துக்கொண்டது. ஆனால் ஹெரால்டு பிழைத்தது. 1971 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இனி நம் ஊர்க் கதை. பெட்டியில் பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் சேர்ப்பதற்கு இதைவிட ஏற்ற கார் கிடையாது. தனி சேசிஸ், போல்ட் போடும் பாடி; பெரிய பிரஸ் ஷாப் இல்லாத நாட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் அப்படிச் சேர்த்தார்கள். சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. நாளாக ஆக உள்நாட்டுப் பாகங்கள் கூடின. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் வழக்கத்துக்கு இரண்டு கதவு போதவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கே நான்கு கதவு ஹெரால்டு வந்தது. பிறந்த நாட்டிலேயே இல்லாத மாடல் அது!

1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் நம்மவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நம் மெக்கானிக்குகளுக்குக் கடைசிவரை பிடிக்காமல் போன அந்த ஸ்விங் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, லாரியில் இருப்பது போன்ற ஒரே கம்பி ஆக்சிலை வைத்தார்கள். புத்தகப்படி அது பின்னோக்கிய அடி. நம் ரோட்டுக்கும் ரோட்டோர ஷெட்டுக்கும் அது சரியான அடி. கெஸல் 1977 வரை ஓடியது. இன்று அந்தத் தொழிற்சாலையும் இல்லை.

சார், இதுதான் நான் சொல்ல வேண்டிய பதில். அவங்களுக்கு மோனோகாக் வரும். பாடி அடிச்சுத் தர ஆள் இல்லாததால தனி சேசிஸ் வச்சாங்க. அந்தச் சேசிஸ்தான் அந்தக் காரை நம்ம ஊர் வரைக்கும் கொண்டு வந்துச்சு.

வேலையில் சேர்ந்த பிறகு எத்தனையோ பழைய டிராயிங்குகளை என் முன்னால் போட்டு, "எவனோ முட்டாள் போட்டிருக்கான் சார்" என்று சொன்ன இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வைவா ஞாபகம் வரும். "அவன் கையில அன்னைக்கு என்ன இல்லைன்னு முதல்ல பாருப்பா" என்பேன். பாதி நேரம் டிராயிங்தான் சரியாக இருக்கும். தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு சீனியர் தரக்கூடிய நோட்ஸ் இவ்வளவுதான்.

வேப்ப மரம் இன்னும் நிற்கிறதாம். விழாவன்று அதன் அடியில் சந்திப்போம்.