கிரெடிட், கடிகாரம், கார்னகி

ஆறாவது செமஸ்டர்ல எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. மூணு வாரம் கீழாநெல்லியும் மோரும்தான். திரும்பிப் போனா அட்டெண்டன்ஸ் 71 சதவீதம். மெடிக்கல் சர்டிஃபிகேட், ஹெச்.ஓ.டி. கையெழுத்து, கண்டோனேஷன் ஃபீஸ் என்று நாலு நாள் அலைந்து ஒருவழியாகப் பரீட்சை எழுதிவிட்டேன். பக்கத்து பெஞ்ச் நண்பன் தப்பிக்கவில்லை. அவன் அப்பாவுக்கு ஆபரேஷன், மளிகைக் கடையைப் பார்த்துக்க வேற ஆள் கிடையாது. அவனுக்கு 58 சதவீதம். டீட்டெய்ன் பண்ணிட்டாங்க.

இதுல கொடுமை என்னன்னா, எங்களுக்கெல்லாம் கம்பைலர் டிசைன் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். லேப்ல பாதி கிளாஸ் அவன் புரோகிராமைத்தான் காப்பியடிச்சுது (நானும்தான், ஹி ஹி). "சார், இப்பவே கொஸ்டின் பேப்பர் குடுங்க, எழுதிக் காட்டறேன்"னு கேட்டான். "எழுதறதுக்கு மொதல்ல கிளாஸ்ல உக்காந்திருக்கணும்பா" என்று பதில் வந்தது. ஒரு வருஷம் போச்சு, கேம்பஸும் போச்சு.

ஒரு பாடம் தெரியும் என்பதற்கு அடையாளமா எதுக்கு மணிக்கணக்கை வச்சாங்க? வாரத்துக்கு நாலு மணி நேரம் லெக்சர்னா நாலு கிரெடிட். இதை யார் ஆரம்பிச்சது? ஆணி கொஞ்சம் குறைவா இருந்த நாட்களில் நோண்டிப் பார்த்தேன். வெளியே வந்த கதைக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது வாத்தியார்களோட பென்ஷன் கதை!

ஆண்ட்ரூ கார்னகியைத் தெரிஞ்சிருக்கும். ஸ்டீல் வித்துப் பெரும் பணக்காரர் ஆனவர், ஊர் ஊரா நூலகம் கட்டினவர். 1890-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அறங்காவலரா போன இடத்துல, பேராசிரியர்கள் வாங்கற சம்பளத்தைப் பார்த்து ஆடிப்போயிட்டார். இந்தச் சம்பளத்தில் வயசான காலத்துக்கு எதைச் சேர்த்து வைப்பாங்க? 1905-ல் ஒரு கோடி டாலரை எடுத்து வச்சு, கல்லூரி ஆசிரியர்களுக்கு இலவச பென்ஷன் என்று அறிவிச்சார். அதை நடத்த உருவானதுதான் கார்னகி ஃபவுண்டேஷன்.

இங்கதான் சிக்கல். பென்ஷன் 'கல்லூரி' ஆசிரியருக்கு. ஆனா கல்லூரின்னா எது? அந்தக் காலத்து அமெரிக்காவில் யார் வேணும்னாலும் நாலு ரூம் கட்டி, வெளியே காலேஜ்னு போர்டு மாட்டலாம். பல இடங்கள் உயர்நிலைப்பள்ளியை விட மோசம். அதனால ஃபவுண்டேஷன் ஒரு வரையறை போட்டது. குறைஞ்சது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள், நாலு வருஷப் படிப்பு. சேர வருகிற பையன் பள்ளியில் 14 'யூனிட்' முடிச்சிருக்கணும். ஒரு யூனிட்னா ஒரு பாடத்தில் வருஷத்துக்கு சுமாரா 120 மணி நேரம். மதச் சபைகளின் பிடியில் இருக்கிற கல்லூரிக்குக் கிடையாது என்றும் ஒரு விதி இருந்தது. பென்ஷனுக்காகச் சபைத் தொடர்பையே விட்டுட்டு வந்த கல்லூரிகள் உண்டு! அப்படின்னா இந்த 14 யூனிட் கணக்கு எவ்வளவு வேகமா நாடு முழுக்கப் பரவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்து வந்தவர் நம்ம இனம், ஒரு இன்ஜினியர். பேரு மாரிஸ் குக். தொழிற்சாலையில ஸ்டாப்வாட்ச் வச்சுத் தொழிலாளியோட ஒவ்வொரு அசைவையும் அளந்த டெய்லர் இருக்காரே, அவரோட சிஷ்யர். பல்கலைக்கழகங்களின் பௌதிகத் துறைகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி ஃபவுண்டேஷன் இவரை அனுப்பினது. 1910-ல் வந்த அந்த அறிக்கையில 'ஸ்டூடண்ட் ஹவர்' என்று ஒரு அலகை முன்வச்சார். ஒரு மாணவன், ஒரு மணி நேர வகுப்பு. இதை வச்சு எந்தத் துறையில் எவ்வளவு செலவு, எவ்வளவு 'உற்பத்தி'ன்னு ஒப்பிடலாமாம். நாங்க ஆபீஸ்ல கிளையண்ட்டுக்கு மேன்-ஹவர் கணக்குல பில் போடறோமே, அதேதான்.

அப்புறம் அந்த பென்ஷன் நிதி தாங்காமல், 1918-ல் தவணை கட்டுகிற இன்சூரன்ஸ் முறைக்கு மாறியது. இலவச பென்ஷன் போச்சு. மணிக்கணக்கு மட்டும் நின்னுடுச்சு. பழைய கோடில் ஏதோ ஒரு காரணத்துக்காகப் போட்ட கான்ஸ்டன்ட், காரணம் போன பிறகும் யாரும் தொடப் பயந்து அப்படியே கிடக்குமே, அந்த மாதிரி.

இதைவிட வேடிக்கை ஒண்ணு உண்டு. அதே ஃபவுண்டேஷன் பென்சில்வேனியா கல்லூரிகளில் பல வருஷம் மாணவர்களுக்குப் பரீட்சை வச்சுப் பார்த்து, 1938-ல் ஒரு புத்தகம் போட்டது. கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிற சிலரை விட, பள்ளி கடைசி வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதிகம் தெரிஞ்சு வச்சிருந்தாங்க! எத்தனை மணி நேரம் உக்காந்தான் என்பதை வச்சு எவ்வளவு தெரியும்னு சொல்ல முடியாது என்பதை, அந்தக் கணக்கைப் பரப்பினவங்களே ஆதாரத்தோட எழுதிட்டாங்க. யாரும் கேக்கலை.

சரி, மணியை எண்ணாமல் பட்டமே கொடுக்க முடியாதா? கார்னகிக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே லண்டனில் கொடுத்திருக்காங்க. லண்டன் பல்கலைக்கழகம் 1836-ல் தொடங்கினப்ப அதுக்குன்னு வகுப்பறை கிடையாது. சில கல்லூரிகளில் படிச்சவங்களுக்குப் பரீட்சை வச்சுப் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். 1858-ல் ஒரு படி மேலே போய், எந்தக் கல்லூரியிலும் படிக்காதவனும் வந்து எழுதலாம்னு கதவைத் திறந்தாங்க (கதவு பெண்களுக்கும் திறக்க 1878 ஆச்சு). 1865-ல் மொரீஷியஸில் உட்கார்ந்தே லண்டன் பரீட்சையை எழுத முடிந்தது. எச்.ஜி. வெல்ஸ் விலங்கியலில் பி.எஸ்ஸி. வாங்கினது 1890-ல், இந்த வழியாகத்தான்.

இந்த லண்டன் அச்சுல வார்த்ததுதான் 1857-ல் வந்த நம்ம சென்னைப் பல்கலைக்கழகமும். ஆரம்பத்தில் அதுவும் பாடம் நடத்தவில்லை, பரீட்சை மட்டும்தான் வைத்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அந்த செமினரி 1855-லயே மூடியாச்சு. தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்தது மாணவரா இல்லை, 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்த. பிற்காலத்தில் கலித்தொகையை ஏடுகளில் இருந்து அச்சுக்குக் கொண்டு வந்தாரே, அதே தாமோதரம்பிள்ளைதான். பத்திரிகை வேலை பார்த்துக்கிட்டே பரீட்சை எழுதின மனுஷர். 75 சதவீத விதி அன்னிக்கு இருந்திருந்தா அவர் எந்த வகுப்புக் கணக்கைக் காட்டியிருப்பார்?

அவங்க ஊர்ப் பக்கம் இது இன்னும் நீண்ட காலம் ஓடியது. 1921-ல் கொழும்பில் யுனிவர்சிட்டி காலேஜ் தொடங்கின பிறகும், 1942-ல் இலங்கைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வரும்வரை, அங்கே படிச்சவங்க எழுதினது லண்டன் பரீட்சையைத்தான்.

மணிக்கணக்கில் ஊறின அமெரிக்காவுக்கு இந்த ஞானம் போரால் வந்தது. முதல் உலகப்போர் முடிஞ்சு திரும்பினவங்களுக்குக் கல்லூரிகள் கண்ணை மூடிக்கிட்டு 'நாட்டுக்குச் சேவை செஞ்சே, இந்தா கிரெடிட்'னு அள்ளிக் கொடுத்தன. அது கேலிக்கூத்தா முடிஞ்சது. இரண்டாவது தடவை உஷாராயிட்டாங்க. 1942-ல் படையில் இருப்பவர்களுக்காக விஸ்கான்சினில் தபால்வழிப் படிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, கூடவே ஜி.இ.டி. பரீட்சையையும் கொண்டு வந்தாங்க. அயோவா பல்கலைக்கழகத்து லிண்ட்க்விஸ்ட் குழுவினர் தயாரிச்சது. பள்ளியை முடிக்காமலே துப்பாக்கி தூக்கப் போனவன், எழுதிப் பாஸ் பண்ணினா பள்ளி முடிச்சதுக்குச் சமம். 1944-ல் ஜி.ஐ. பில் சட்டம் வந்து, திரும்பின படைவீரர்கள் லட்சக்கணக்கில் கல்லூரிக்குப் போனப்ப இது எவ்வளவு பெரிய உதவி!

கல்லூரிப் பாடங்களுக்கே நேரடியா பரீட்சை வச்சு கிரெடிட் கொடுக்கற கிளெப் திட்டம் 1967-ல் வந்தது. காலேஜ் போர்டு நடத்துவது. 20-லிருந்து 80 வரை மதிப்பெண், 50 வாங்கினா கிரெடிட் கொடுக்கலாம்னு பரிந்துரை. கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்தக் கல்லூரி இஷ்டம். இதை ஆரம்பிக்கப் பணம் கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? கார்னகி கார்ப்பரேஷன்! அதே மனுஷர் விட்டுட்டுப் போன இன்னொரு அறக்கட்டளை. கடிகாரத்தை மாட்டினதும் அவர் காசு, அதைக் கழட்டப் பார்த்ததும் அவர் காசு.

இதுவரைக்கும் படிச்சப்ப, பரீட்சை நல்லது, அட்டெண்டன்ஸ் கெட்டதுன்னு மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டேன். அதைக் குழப்பினது ஒரு கணக்கு வாத்தியார்.

ஜைமி எஸ்கலான்டே. பொலிவியாவில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தவர். அறுபதுகளில் அமெரிக்கா வந்தா, அந்த ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாதுன்னுட்டாங்க. காபி கடையில் வேலை பார்த்து, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போய், ராத்திரிகளில் படிச்சு மறுபடியும் முதலிலிருந்து ஒரு பட்டம் வாங்கினார். தெரிஞ்ச பாடத்துக்கே திரும்ப மணிக்கணக்கா உக்காந்த மனுஷர். 1974-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார், சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு. மெக்சிகோ வழி வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி.

அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட், சுருக்கமா ஏ.பி., 1955-ல் இருந்து காலேஜ் போர்டு நடத்துவது. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி அளவுப் பரீட்சை எழுதி கிரெடிட் வாங்கலாம். பணக்காரப் பள்ளிகளையும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மாதிரி இடங்களையும் மனசில் வச்சு உருவானது. எஸ்கலான்டே அதை கார்ஃபீல்டுக்குக் கொண்டு வந்தார். 1979-ல் அவர் மாணவர்கள் ஐந்து பேர் கால்குலஸ் எழுதினாங்க, ரெண்டு பேர் பாஸ். 1982-ல் 18 பேர் எழுதினாங்க, 18 பேரும் பாஸ்.

பரீட்சையைத் திருத்தின ஈ.டி.எஸ். நிறுவனம் நம்பவில்லை. ஆறாவது கேள்வியில் சிலர் ஒரே தப்பை ஒரே மாதிரி செஞ்சிருக்காங்கன்னு சொல்லி, 14 பேர் மேல் சந்தேகம். திரும்ப எழுது, இல்லைன்னா மார்க் கிடையாது. ஒரே வாத்தியார்கிட்ட படிச்சா தப்பும் ஒரே மாதிரிதான் வரும்னு ஒரு பக்கம், ஏழைப் பிள்ளைங்க, ஸ்பானிஷ் பேரு, அதான் சந்தேகம்னு இன்னொரு பக்கம். ஊரே கொதிச்சது. ஆகஸ்ட் மாசம் 12 பேர் மறுபடி உக்காந்து எழுதினாங்க. 12 பேரும் பாஸ். 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படம் (1988) பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

படத்துல ஒரே வருஷத்துல நடந்த அதிசயம் மாதிரி காட்டுவாங்க. நிஜத்தில் எட்டு வருஷ உழைப்பு அது. கீழ் வகுப்பிலிருந்து அல்ஜிப்ராவைச் சரிபண்ணிக்கிட்டே வந்தது, பள்ளி மணி அடிக்கும் முன்னாடி, விட்ட பின்னாடி, கோடை விடுமுறையில் வகுப்புகள். அந்தப் பிள்ளைகள் உக்காந்த மணிக்கணக்கை எண்ணினா கார்னகி யூனிட்டெல்லாம் எந்த மூலைக்கு? ஆனா அந்த மணியை யாரும் எண்ணலை. எண்ணியிருந்தா, திரும்ப எழுதச் சொல்லத் தோணியிருக்குமா? நேரத்தை மட்டும் பார்க்கிற இடத்தில் என் நண்பன் மாட்டினான். பேப்பரை மட்டும் பார்க்கிற இடத்தில் இவங்க மாட்டினாங்க.

(அந்த ஈ.டி.எஸ்., 1947-ல் மூணு அமைப்புகளின் பரீட்சை வேலைகளை ஒண்ணா சேர்த்து உருவானது. மூணில் ஒண்ணு எதுன்னு கேக்கறீங்களா? கார்னகி ஃபவுண்டேஷன். எங்க சுத்தினாலும் இவர்கிட்டதான் வந்து நிக்குது.)

2012-ல் அந்த ஃபவுண்டேஷனே, நூறு வருஷப் பழைய யூனிட்டை மாத்தலாமா என்று ஒரு ஆய்வைத் தொடங்கியது. 2015-ல் அறிக்கை வந்தது. குறைகள் இருக்கு, ஆனா இதுக்குப் பதிலா எல்லாருக்கும் பொதுவா வைக்க வேற அளவுகோல் இன்னும் தயாராகலை, இப்போதைக்கு இருக்கட்டும் என்கிற மாதிரி முடிச்சிட்டாங்க.

இதையெல்லாம் நண்பனுக்குப் போன்ல சொன்னேன். ஒரு வருஷம் தள்ளி டிகிரி வாங்கி, இப்ப வேற ஊர்ல என்னை மாதிரியே ஆணி புடுங்கறான். முழுசா கேட்டுட்டு, "பென்ஷனுக்காடா?"ன்னு மட்டும் கேட்டான். ஆமான்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இருடா, வெள்ளிக்கிழமை, டைம்ஷீட் போடணும்"னு வச்சுட்டான்.