தேரும் மின்கம்பியும் - தஞ்சையில் மின் பாதுகாப்பின் கதை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபம் தேர் வடிவில் அமைந்தது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜ சோழன் காலத்தில் எழுந்த அந்த மண்டபத்திற்குக் கல்லிலேயே சக்கரங்களும் குதிரைகளும் உண்டு. அந்தக் கல்தேர் நகர்வதில்லை. ஆனால் தஞ்சை வட்டார வீதிகளில் ஓடும் மரத்தேர்களின் பாதையில் 20-ஆம் நூற்றாண்டில் புதிதாக ஒன்று குறுக்கிட்டது. அதுதான் மின்கம்பி.

மின்சாரம் வந்தது

சென்னை மாகாணத்தில் 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-லும், அதன் மின்நிலையம் 1937-லும் வந்தன. வயலுக்குப் பாய்ந்த காவிரி நீரே மின்சாரமும் தந்தது. 1957-ல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் கம்பிகள் வேகமாகப் பரவின.

சட்டமும் உடன் வந்தது. மின் விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும், ஆய்வாளர் விசாரிக்கலாம் என்று 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமே கூறியது. 1956-ஆம் ஆண்டு விதிகள் உயரத்தை வரையறுத்தன. தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், 11,000 வோல்ட் போன்ற உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 6.1 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 அடி.

பெரிய தேர், சின்னத் தேர்

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி என்பார்கள். அது கம்பிக்குக் கீழே போகாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் தேரோட்டத்தன்று மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே உள்ள கம்பிகளைக் கழற்றுவது அங்கு வழக்கமாக இருந்தது. உண்மையான ஆபத்து, "எப்படியும் போய்விடும்" என்று தோன்றும் சின்னத் தேர்களில்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் விழாவின் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தனர். அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. சாலை உயர்ந்திருந்ததும், தேரின் மேல் அலங்காரத்தின் உயரமும் அப்போது பேசப்பட்டன. கம்பத்தை நடும்போது சரியாக இருந்த இடைவெளி, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் குறைகிறது. விதி மாறாது, தரைதான் மேலே வருகிறது!

வரைபடம் என்ன சொல்லும்?

தேர் நாளில் வீதி மின்பணியாளர்களுக்கு வேலைத்தளம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோட்டு வரைபடம். மூன்று கம்பிகள் செல்லும் மின்பாதையை ஒரே கோடாகக் காட்டுவதால் அதற்கு இந்தப் பெயர். எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து எந்தப் பீடர் வருகிறது, எந்த டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது, நடுவில் சுவிட்ச் எங்கே என்பதை அது காட்டும். இன்னொரு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வர வழியுண்டா என்பதையும் அதில்தான் பார்க்க வேண்டும். இரு பக்கமும் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, கம்பியை எர்த் செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வரும் ஆபத்து வரைபடத்தில் தெரியாது. எர்த் செய்வது அதற்கும் காப்பு.

அந்த வரைபடம் காட்டாத இன்னொன்று கம்பியின் உயரம். இணைப்பு தெரியும், இடைவெளி தெரியாது. சாலை போடுபவர் கையில் ஒரு அளவு, தேர் கட்டுபவர் கையில் ஒரு அளவு, மின்துறையிடம் ஒரு அளவு. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் ஆபத்து முதல் நாளே தெரிந்துவிடும்.

தேரோடும் வீதிகளில் கம்பியைப் புதைவடமாக மண்ணுக்குள் கொண்டுபோவது நல்ல தீர்வு. ஆனால் அப்போது கம்பி கண்ணுக்கே தெரியாது. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுபவரின் உயிர் புதைவடம் செல்லும் பாதையின் வரைபடத்தை நம்பித்தான் இருக்கும். வீதி மாறும்போதெல்லாம் வரைபடத்தையும் திருத்த வேண்டும் என்பதே களிமேடு விட்டுச் சென்ற பாடம்.