கந்தளாய்க் குளத்து நீர்மட்டமும் பழைய மழைக் கணிப்பும்

வடிகால் இல்லாத ஏரியின் நீர்மட்டம் பழைய மழையைக் காட்டிக்கொடுக்கும். வந்து சேரும் நீர் ஆவியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், மழை கூடினால் அதன் பரப்பு விரியும், குறைந்தால் சுருங்கும். சாக்கடலைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் பழங்கரைகளை ஆய்வாளர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தையும் அவ்வாறே வாசிக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்பது வரலாற்றாசிரியர் கூற்று. குளக்கோட்டன் கட்டினான் என்பது திருகோணமலைத் தமிழ் மரபு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய குளம். ஆயினும் அதன் மட்டம் மழைமானி ஆகாது.

முதற்காரணம், நீர் வரும் வழி. கந்தளாய் தன் சுற்றுவட்டாரத்து மழையை மட்டும் நம்பி நிற்பதில்லை. அம்பன் கங்கை நீர் எலகெர வாய்க்கால் வழியே மின்னேரியா கடந்து இங்கு வருகிறது. ஆகவே நிறைந்த குளம் மாத்தளை மலைகளில் பெய்த மழையைக் குறிக்கலாம். திருகோணமலையில் அவ்வாண்டு வானம் பொய்த்தும் இருக்கலாம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி நீரும் அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்பட்டபின் சிக்கல் இன்னும் கூடியது. நீர் போகும் வழியும் அப்படியே: குளம் வான் பாயத் தொடங்கினால் எவ்வளவு பெருமழைக்கும் மட்டம் அதற்குமேல் பெரிதாக ஏறாது, சிறுபோகத்துக்கு மதகு திறந்தால் மழைக்குத் தொடர்பின்றி இறங்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது குளம் சில மணி நேரத்தில் வடிந்தது. மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு கடும் வறட்சியாகத் தெரியும்.

மதகுப் பதிவேடு இருந்தால் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அண்மைக் காலத்துக்கு அது சரி. அப்போதும் பயன்படுவது மட்டத்தைவிட அது ஏறும் வேகமே: வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், மதகு மூடிய நாள்களில், வாய்க்கால் வரத்தைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் உள்ளூர் மழையின் பங்கு. திருகோணமலையின் மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டு இதைச் சரிபார்க்கவும் முடியும். பதிவேடே இல்லாத நூற்றாண்டுகளுக்கோ இந்த வழி உதவாது.

அப்படியானால் வாய்க்கால் வராத சிறு மானாவாரிக் குளங்களின் அடிச்சேற்றை நாடலாம் என்பது அடுத்த வாதம், இது வலுவானதும்கூட. அங்கு வருவது அந்த இடத்து மழை மட்டுமே. ஆனால் அவை கோடையில் வற்றி வெடிக்கும், அடுக்குகள் கலையும். போதாததற்கு, மகரந்தத்தையும் நுண்பாசியையும் ஆய்வாளர் தேட வேண்டிய அந்த வண்டலை உழவர்கள் எப்போதோ வெட்டி வயலுக்கு எருவாக்கியிருப்பார்கள்.