1973ஆம் ஆண்டின் வருகைக் கணக்கு எதை நிறுவுகிறது? டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி பற்றிய ஒரு மறுவாசிப்பு

பேஸ்பாலில் பிச்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை நியமிக்கலாம் என்னும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதியை (இனி டி.எச். விதி) ஆதரிக்கும் ஆய்வுகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்கன் லீக் 1973இல் விதியை ஏற்றது. பேட்டிங் சராசரி 0.239இலிருந்து 0.259ஆனது, பார்வையாளர் எண்ணிக்கை 1,14,38,538இலிருந்து 1,34,33,604ஆக உயர்ந்தது. எனவே ரசிகர்கள் விதிக்குச் சம்மதம் தந்துவிட்டனர். எனவே விதி சரியானது. இவ்வாதத்தின் முடிவை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்குக் காட்டப்படும் சான்று அம்முடிவைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பேட்டிங் சராசரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிச்சரைவிட டி.எச். 110 புள்ளி கூடுதலாக அடிப்பார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒன்பது பேரில் ஒருவர் மாறுவதால் லீக் சராசரி 12 புள்ளிக்கு மேல் உயர வழியில்லை. உயர்ந்ததோ 20. விதியை ஏற்காத நேஷனல் லீக்கிலும் அதே ஆண்டு சராசரி 0.248இலிருந்து 0.254க்கு ஏறியது. எஞ்சிய எட்டுப் புள்ளியில் ஆறு இந்தப் பொது ஏற்றத்திலேயே அடங்கிவிடும்.

சிக்கல் வருகைக் கணக்கில்தான். முதலாவதாக, ஒப்பீட்டின் அடித்தளமான 1972ஆம் ஆண்டே குறைபட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் 86 ஆட்டங்கள் நடக்காமலே போயின. எனவே விதி மாறாவிட்டாலும் 1973இல் கூட்டம் கூடியிருக்கும். வேலைநிறுத்தம் இரு லீக்குகளையும் பாதித்ததால் நேஷனல் லீக்கையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தும். அங்கே வருகை 1,55,29,730இலிருந்து 1,66,75,322ஆனது. அதாவது சுமார் 7 விழுக்காடு உயர்வு. அமெரிக்கன் லீக்கின் உயர்வு 17 விழுக்காடு. இடைவெளி 10 விழுக்காட்டுப் புள்ளி. விதியின் வெற்றி என்று முந்தைய ஆய்வுகள் கொண்டாடுவதில் மிஞ்சுவது இவ்வளவுதான்.

அதுவும் முழுமையாக மிஞ்சுவதில்லை. கான்சாஸ் சிட்டியில் ராயல்ஸ் அணியின் புதிய அரங்கம் 1973 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முந்தைய ஆண்டு 7,07,656 பேர் பார்த்த அந்த அணியின் ஆட்டங்களை அவ்வாண்டு 13,45,341 பேர் பார்த்தனர். லீக் முழுவதும் கூடிய சுமார் 20 லட்சம் பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே ஊரில் கூடியது. புதிய அரங்கத்தைக் காண வந்தவர்களை டி.எச். கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ராயல்ஸை நீக்கிப் பார்த்தால் மற்றப் பதினோரு அணிகளின் உயர்வு 13 விழுக்காட்டையும் எட்டவில்லை, இடைவெளி பாதியாகிவிடுகிறது. அந்தப் பாதிக்கும் ஆயுள் குறைவு. 1974இல் டி.எச். இருந்த லீக்கின் வருகை 1,30,47,294ஆகச் சரிந்தது, டி.எச். இல்லாத லீக்கின் வருகை 1,69,78,314ஆகக் கூடியது. விதிக்கு ஈர்ப்பே இல்லை என்று இதைக் கொண்டு நான் முடிவுகட்டவில்லை. ஈர்ப்பு இருந்தது என்பதை இந்த அட்டவணையால் நிறுவ முடியாது என்று மட்டுமே சொல்கிறேன்.

அப்படியானால் சான்று எங்கே? விதியின் வாசகத்திலேயே இருக்கிறது என்று கருதுகிறேன். டி.எச். கட்டாயமல்ல, அனுமதி மட்டுமே. விரும்பும் அணி பிச்சரையே மட்டை பிடிக்க அனுப்பலாம். அவ்வுரிமையை அணிகள் எத்தனை முறை பயன்படுத்தின? 2016 ஜூன் 30 அன்று ஓக்லாந்தில் ஜயன்ட்ஸ் அணி டி.எச்.ஐ வேண்டாமென்று விட்டு மேடிசன் பம்கார்னரை மட்டையுடன் அனுப்பியது. அவர் ஒரு டபுளும் அடித்தார். ஓர் அணி தெரிந்தே அப்படிச் செய்தது 1976க்குப் பின் அதுவே முதல் தடவை. இடையில் நாற்பது ஆண்டுகள். 2021இல் ஏஞ்சல்ஸ் அணி ஷோஹெய் ஓட்டானிக்காகப் பலமுறை அவ்வாறு செய்தது. இருவருமே உண்மையாக அடிக்கத் தெரிந்தவர்கள். பிச்சரின் மட்டைக்கு மதிப்பு இருந்தபோது விதி குறுக்கே நிற்கவில்லை.

தோல்விக்கு அஞ்சியே ஒவ்வோர் அணியும் டி.எச்.ஐப் பிடித்துக்கொள்கிறது, எல்லோரும் சேர்ந்து கைவிட்டால் ஆட்டம் செழிக்கும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் எல்லோரும் சேர்ந்தே கைவிட்டிருந்த நேஷனல் லீக்கில் நடந்தது என்ன? நெருக்கடியான கட்டத்தில் பிச்சரை உட்கார வைத்து வேறொருவரை அடிக்க அனுப்புவதே மேலாளர்களின் வாடிக்கை. அதையே வியூகம் என்று புகழ்ந்தனர். எனக்கு அது தப்பிக்கும் வழியாகவே தெரிகிறது. பிச்சர்கள் கடைசியாக முறையாக மட்டை பிடித்த 2021இல் அவர்களின் சராசரி 0.120ஐக்கூட எட்டவில்லை.

மரபு என்னும் மறுப்பு நெடுநேரம் நிற்காது. 1928இலேயே இவ்யோசனையை முன்வைத்தவர் நேஷனல் லீக் தலைவர் ஜான் ஹெய்ட்லர். அதே லீக் 1980இல் வாக்கெடுத்தபோது ஆதரவு 4, எதிர்ப்பு 5, நடுநிலை 3. பிச்சர்களின் உடல்நலம் என்னும் ஆதரவு வாதமும் எனக்கு உதவாது. சியென்-மிங் வாங் 2008இலும் ஆடம் வெயின்ரைட் 2015இலும் மட்டை பிடிக்கப் போன ஆட்டங்களில் காயமுற்றது உண்மை. ஆனால் பிச்சர்களின் தோள்களும் முழங்கைகளும் பெரும்பாலும் பழுதாவது பந்து வீசும்போதுதான்.

2022இல் இரு லீக்குகளுக்கும் விதி பொதுவானது. அத்துடன், தொடக்கப் பிச்சரே டி.எச்.ஆகவும் இருந்து, வீச்சை முடித்த பின்னும் மட்டையைத் தொடரலாம் என்ற திருத்தமும் வந்தது. விதி இந்த வடிவில் நீடிக்க வேண்டும். அதற்கு ஆதரவாக எழுதுவோர் 1973ஆம் ஆண்டின் வருகைப் பட்டியலை இனியேனும் சான்றாகக் காட்டாதிருப்பது நல்லது.