மெய்ப்பில் தப்பும் பிழை

'வறுமைக்குச் சாவையே தீர்வாக நாவலாசிரியர் காட்டுவதேன்?' இராபர்ட் டிரஸ்ஸலின் 'கந்தல் காற்சட்டைக் கொடைவள்ளல்கள்' என்னும் ஆங்கில நாவல் குறித்து இப்படியொரு கட்டுரை வினா மெய்ப்புக்கு வந்தால், நாம் ஒற்றுப்பிழையை மட்டும் நோக்குதல் போதாது. வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த அவ்வாசிரியர் 1911இல் லிவர்பூலில் காசநோயால் மறைந்து, ஏழையர் பொதுக்குழியில் அடக்கப்பெற்றார். மகள் காத்லீன் காத்த கையெழுத்துப் படி 1914இல் அச்சேறுகையில், ஜெஸ்ஸி போப் பெரும்பகுதியை வெட்டி, தொழிலாளி ஓவன் தற்கொலையை எண்ணும் துயரிலேயே கதையை நிறுத்திவிட்டார். அம்முடிவு ஆசிரியருடையதன்று! 1955இல் வெளிவந்த முழுநூல் நம்பிக்கையோடு முடிகிறது. 'கொடைவள்ளல்கள் ஏழைகளுக்குச் செய்த உதவிகள் யாவை?' என்னும் வினாவும் அத்தகையதே. தம் உழைப்பை முதலாளிகளுக்கு வாரி வழங்கும் கூலியாட்களையன்றோ அவர் வள்ளல்கள் என எள்ளினார்?