பரமார்த்த குரு பிறந்த கதை

ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்' என்கிறது. ஆறு சீறுகிறது என்று அலறி ஓடிவருகிறான். குருவும் நம்பிவிடுகிறார்.

இந்தக் கூத்தை எழுதியவர் தேம்பாவணியின் 3,615 பாடல்களைப் பாடிய வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கி, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடியவர். காப்பியம் பாடியவருக்கு மூடர் கதையில் என்ன வேலை?

காரணம் தமிழ்ப் பாடம். புதிதாக வரும் பாதிரிமார்கள் இலக்கணத்தைப் படித்துவிடுவார்கள். சந்தையில் ஒருவர் பேசினால் விழிப்பார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே பழக எளிய உரைநடை வேண்டியிருந்தது. வாய்மொழியாக உலவிய வேடிக்கைகளை எடுத்துக் கோத்தார். பேச்சைக் கற்பிக்கும் கதையில் ஆட்கள் பேசியாக வேண்டும். அங்கேதான் நாடகம் உள்ளே நுழைந்தது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களின் பெயரே வேடம். வருணனை கொஞ்சம், வாக்குவாதம் அதிகம். ஆற்றைக் கடந்தபின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவர் குறைகிறார், ஒப்பாரி எழுகிறது. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. வழிப்போக்கன் வந்து ஆளுக்கு ஓர் அடி போட, அடி வாங்கியவன் பெயரைச் சொல்ல, கணக்குச் சரியாகிறது.

வீரமாமுனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் பள்ளிகளில் நாடகம் பாடத்தோடு சேர்ந்தது. பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் பாரிஸில் படித்ததும் அப்படியொரு பள்ளியில்தான். அவருடைய 'ஸ்காபானின் தந்திரங்கள்' 1671இல் மேடையேறியது. அதில் கிழவனைச் சாக்குக்குள் புகுத்தி வேலைக்காரன் தடியால் விளாசுகிறான். அங்கேயும் பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மை அடிபடுகிறவனுக்குத் தெரியாது.

பரமார்த்த குருவின் கதையை 1822இல் பாபிங்டன் என்பவர் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் லண்டனில் வெளியிட்டார். 1826இல் பாதிரியார் துபுவா, பஞ்சதந்திரத்தோடு சேர்த்துப் பிரெஞ்சில் தந்தார். மோலியேரின் ஊருக்கு நம் குரு புதியவராக இருக்கலாம். அந்தத் தடி பழையது.

பாடப்புத்தகமாகத் தொடங்கியது இன்றும் சிறுவர் கதையாக ஓடுவதற்கும் அந்த நாடகத்தனமே காரணம். குருவோடு சேர்த்து ஆறு பேர், அடிக்க ஒருவர், கையில் ஒரு தடி: எந்தத் திண்ணையிலும் நடத்திவிடலாம்.